மஞ்சள் வைத்துப் புதைத்த கணக்குத் தாள்கள்

என் அம்சாவுக்கு,

நேற்று உன் தலைத் தெவசம் முடிந்தது. இலையில் உனக்குப் பிடித்த மசால் வடையும் கருணைக்கிழங்கு வறுவலும் வைத்தார்கள். உனக்குப் பிடிக்காத சேமியா பாயசமும் இருந்தது. உன் மாமியாருக்கு ஒழுங்காக வருகிற பாயசம் அது ஒன்றுதான், பொறுத்துக்கொள். காக்கா முதலில் வடையைத்தான் கொத்தியது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின நாள் நடந்ததை. உன் வீட்டு லாஃப்டில், ஓடாத மின்விசிறிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் துணி மூட்டை கிடந்ததே, அதைப் பற்றி. தெவசத்துக்குள் அது வீட்டை விட்டுப் போயாக வேண்டும் என்று உன் வீட்டுக்காரர் சொன்னார். நீ புதைத்த இடத்திலேயே அதை மறுபடி புதைக்க வேண்டும் என்று உன் மகள் சொன்னாள். நிவேதா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் அதுவரை பார்த்ததில்லை.

அது எப்படி முடிந்தது என்பதைச் சொல்வதற்கு முன்னால் கதையை முதலிலிருந்து எழுதப் போகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு உன்னைப் பற்றி வேறு கதை போய்ச் சேர்ந்திருக்கிறது. இத்தனை வருஷம் பத்திரிகையில் வேலை பார்த்தும் என் தங்கையைப் பற்றி ஒரு வரி திருத்தம் போட எனக்கு இடம் கிடைக்கவில்லை. இடம் கிடைத்தபோது நீ வேண்டாம் என்றாய். அதையும் சொல்கிறேன்.

மீஞ்சூருக்கு அந்தப் பக்கம் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலை ஒன்றில் வேலை பார்க்க யூதக் குடும்பங்கள் சில வந்திருந்தன. அப்பாக்கள் இன்ஜினீயர்கள். பிள்ளைகள் சின்னவர்கள், தொடக்கப் பள்ளி வயது. இங்கே இருக்கிற பள்ளிக்கூடத்தில் சேர்க்க அம்மாக்களுக்கு மனமில்லை. கணக்கு, அறிவியல், ஆங்கிலம் எல்லாவற்றையும் தங்கள் வேதக் கதைகள் வழியாக, கையால் செய்து பார்த்துப் படிக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அதற்கு ஒரு டீச்சரைத் தேடினார்கள். உன்னை யாரோ கை காட்டினார்கள்.

ரிவ்கா என்கிற அம்மாதான் உன்னிடம் முதலில் பேசியவர். "உங்களுக்கு பைபிள் தெரியுமா?" என்று கேட்டார். "கான்வென்ட்ல படிச்சேன், ஏசு கதையெல்லாம் நல்லாத் தெரியும்" என்று நீ சொன்னாய். ரிவ்கா சிரித்துவிட்டார். "ஏசு எங்கள் புத்தகத்தில் இல்லையே" என்றார். "அப்போ எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. மொதல்லேர்ந்து சொல்லிக் குடுங்க" என்றாய். அந்தப் பதிலுக்காகத்தான் உனக்கு வேலை கொடுத்ததாக ரிவ்கா பிறகு என்னிடம் சொன்னார்.

தினமும் திருவள்ளூரில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்து மீஞ்சூர் போவாய். போகிற வழியெல்லாம் அவர்களுடைய கதைகளை ஆங்கிலத்தில் படித்துக்கொண்டே போவாய். செவ்வாப்பேட்டையில் ஏறுகிற பெண்கள், நீ ஏதோ பரீட்சைக்குப் படிப்பதாக நினைத்து உனக்கு ஜன்னலோர இடம் விடுவார்கள் என்று சொல்லிச் சிரித்திருக்கிறாய்.

முதல் பாடம் நோவாவின் பேழை. அதன் நீளம், அகலம், உயரம் எல்லாம் முழக் கணக்கில் இருக்கிறது என்று கண்டதும் உனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! "அண்ணா, முழம்ணா! நம்ம பூக்காரம்மா அளக்கற முழம்!" என்று மீஞ்சூர் பிளாட்பாரத்திலிருந்து போனில் கத்தினாய். மறுநாள் பிள்ளைகளை ஸ்டேஷன் வாசலுக்கே கூட்டிப் போய்விட்டாய். ஆளுக்கு ஒரு முழம் பூ வாங்கச் சொன்னாய். ரிவ்காவின் மகள் ஷீரா பூக்காரம்மாவின் கையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், பிறகு உன் கையைப் பார்த்தாள். உன் கை நீளம், அதனால் நீ அளந்தால்தான் வாங்குவேன் என்றாள். நீ அதைத் தமிழில் சொன்னதும் பூக்காரம்மா, "இன்னா பாப்பா, வெள்ளக்காரிக்கு மட்டும் தனி முழமா? குடுக்கற டப்புக்கு இந்தக் கைதான்" என்றாராம்.

யாருடைய முழம் என்ற கேள்வியிலிருந்து அளவு என்றால் என்ன என்ற பாடத்துக்கு நீ போனாய். தேங்காய் நார்க் கயிறு வாங்கி, பேழையைத் தரையில் அதன் முழு நீளத்துக்கு வரைந்தீர்கள். குடியிருப்பு மைதானம் போதவில்லை. கயிறு கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தது. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு, "இன்னாம்மா, கப்பல் உடப் போறீங்களா?" என்று கேட்டார். "ஆமா. டிசம்பர்ல வருமே மழை, அப்போ நீயும் வந்து ஏறிக்கோ" என்றாய்.

எகிப்தில் யோசேப்பு ஐந்தில் ஒரு பங்கு தானியத்தைச் சேர்த்து வைத்த கதையில் பின்னம் சொல்லிக் கொடுத்தாய். அதற்காக நம் நிலத்து நெல்லை ஒரு பையில் கொண்டு போனாய். பாலைவனத்தில் கசந்த தண்ணீர் இனித்த கதைக்குக் கடல் தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் கட்டி, வெயிலில் விட்டு, சொட்டுச் சொட்டாக நல்ல தண்ணீர் சேர்ப்பதைக் காட்டினாய். ஆளுக்கு ஒரு ஸ்பூன்கூடத் தேறவில்லை. அதைக் குடிப்பதற்கு முன்னால் பிள்ளைகள் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுக் குடித்தார்கள். உங்கள் அப்பாக்கள் ஆலையில் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான் என்று நீ சொன்னபோதுதான், அப்பா எங்கே போகிறார் என்று சில பிள்ளைகளுக்கு முதல் முறையாகப் புரிந்ததாம்.

புளிக்காத ரொட்டிப் பண்டிகை சமயத்தில், மாவு எப்படிப் பொங்குகிறது என்று காட்ட நீ இட்லி மாவைத் தூக்கிக்கொண்டு போய் நின்றதையும் மறக்க முடியாது. அந்த நாட்களில் புளித்தது எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது என்று அவர்கள் மூலை முடுக்கெல்லாம் துடைத்து வைத்திருந்தார்கள். அம்மாக்கள் உன்னையும் தூக்குச் சட்டியையும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பாடம் தெருவில் நடந்தது. மிச்ச மாவில் வாட்ச்மேன் வீட்டில் அன்று நாஷ்டா.

இனி மூட்டைக்கு வருகிறேன். ஒவ்வொரு பாடத் தாளின் தலைப்பிலும் ரிவ்கா அன்றைய கதையின் வசனம் ஒன்றை ஹீப்ருவில் எழுதுவார். கீழே பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள், படம் வரைவார்கள். அந்த வசனங்களில் கடவுளின் பெயர் இருந்தது. கடவுளின் பெயர் எழுதிய தாளை அவர்கள் கிழிக்க மாட்டார்கள், எரிக்க மாட்டார்கள், குப்பையில் போட மாட்டார்கள். மனிதர்களைப் புதைப்பது போல மண்ணில் புதைப்பார்கள். இதை ரிவ்கா தயங்கித் தயங்கி உன்னிடம் விளக்கினார். உனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. "புஸ்தகத்துல கால் பட்டா நாங்க தொட்டுக் கும்புடுவோம்மா. எனக்குப் புரியுது" என்றாய்.

ஒப்பந்த வேலை முடிந்து அந்தக் குடும்பங்கள் ஊருக்குக் கிளம்பின. தாள்கள் எல்லாம் உன் கைக்கு வந்தன. "யாரும் மிதிக்காத சுத்தமான இடமாகப் பார்த்துப் புதைத்துவிடுங்கள்" என்றார் ரிவ்கா. சரி என்றாய்.

பிறகு காக்களூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் உனக்கு வேலை கிடைத்தது. கம்பெனித் தொழிலாளிகளின் பிள்ளைகள். அங்கேயும் கயிறு, அங்கேயும் முழம். பேழை கட்டினாய். ராமர் பாலமும் கட்டினாய். கணக்கென்றால் வயிற்று வலி வருகிற பிள்ளைகள் மண்ணில் புரண்டு அளந்தார்கள். உன் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள் அவைதான் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் நீதான் திருத்த வேண்டும்.

ஒரு லீவு நாள் காலையில் தாள்களைப் புதைத்தாய். மணவாள நகரில் உன் வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் யாரும் நடக்காத இடம் அது ஒன்றுதான். சும்மா புதைத்திருக்கலாம். உன்னால் முடியவில்லை. தலைக்குக் குளித்தாய். புது வெள்ளைத் துணி வாங்கித் தாள்களை அதில் கட்டினாய். முடிச்சின் மேல் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாய். கடவுள் பெயர் உள்ள பொருளுக்கு வேறு எப்படி மரியாதை செய்வது? நம் வீட்டில் புதுச் சைக்கிளுக்கே மஞ்சள் வைத்தவர்கள்தானே நாம்.

பக்கத்து வீட்டுக்காரம்மா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஈரத் தலையோடு ஒரு பெண், குழி, வெள்ளைத் துணி, மஞ்சள், குங்குமம். அவர் கண்ணில் பட்டது அவ்வளவுதான். அந்த மாதம் அவர் மகளுக்குப் பேசி முடித்திருந்த கல்யாணம் நின்றுபோனது. நீ பள்ளிக்குப் போயிருந்தபோது குழியைத் தோண்டினார்கள். உள்ளே யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து.

படம் எடுத்துத் தெரு வாட்ஸப் குரூப்பில் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் உன் பேரில் இரண்டு கதைகள் ஓடின. ஒன்றில் நீ செய்வினை வைத்தவள். இன்னொன்றில் மதம் மாறி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் மாற்றுகிறவள். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. யூதர் வேறு, கிறிஸ்தவர் வேறு என்று சொன்னால் கேட்கிற நிலையில் ஒருவரும் இல்லை.

நான் பக்கத்து வீட்டுக்குப் போனேன். இரண்டு பக்கமும் கேட்பது என் தொழில் பழக்கம்.

"யார் தோண்டினது?" என்று கேட்டேன்.

"நாய் தோண்டிச்சு சார்."

"முடிச்சையும் நாய்தான் அவுத்துதா?"

"அத்த நாயாண்ட போய்க் கேளுங்க" என்றார். பிறகு அவரே குரலை இறக்கினார். "எம் பொண்ணு கல்யாணம் நின்னுச்சே, அதுக்கு இன்னா சொல்றீங்க? அவங்க ஊட்லயும் பொண்ணு கீது. எம் பொண்ணுக்கு மொதல்ல ஆவக்கூடாதுன்னு செஞ்சா, நான் பாத்துக்கினு சும்மா இருக்கணுமா?"

அவர் அழுதார். அது பொய் அழுகை இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

உன் பள்ளியின் கரஸ்பாண்டென்ட் உன்னைக் கூப்பிட்டார். நீ பேழையின் நீள அகலக் கணக்குத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு போனாய். "முந்நூறு பெருக்கல் அம்பது, சார். இதுல எங்க மந்திரம் இருக்கு?" என்று கேட்டாய். அவர் மோசமான மனிதர் இல்லை, நகைச்சுவை தெரிந்தவர். "பாதிப் பேருக்குக் கணக்கே மந்திரந்தான் மேடம். எனக்குப் புரியுது. பேரண்ட்ஸுக்குப் புரியணுமே? நாளைக்கு எல்லாரும் டிசி கேட்டா நான் இன்னா பண்ணுவேன்?" என்றார். மாதம் முடியும் வரைகூட உன்னை வைத்துக்கொள்ளவில்லை. உன்னை அனுப்பிய பிறகு அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுத்தது யார் தெரியுமா? யாருமில்லை. பள்ளி வாட்ச்மேன் பிரம்போடு உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தாராம்.

நான் இதைச் செய்தியாக எழுதுகிறேன் என்றேன். ஆசிரியரும் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். நீ தடுத்தாய். "வேணாண்ணா. நீ எழுதுனா அந்தப் பொண்ணு கல்யாணம் நின்னதும் பேப்பர்ல வரும். அது இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றாய். உன்னைத் தெருவுக்கு இழுத்தவர்களின் மகளுக்காக நீ பேசினாய். உனக்காகப் பேச அந்த வீட்டிலிருந்து ஒரு குரல் வந்ததா, அம்சா?

உன் வீட்டுக்காரர் என்ன செய்தார் என்பதையும் எழுத வேண்டும். சேகர் நல்லவர்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து, குளித்து, உன்னைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார். தெருவோடு பகை வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். "தெரியாம ஏதாவது தப்பாப் பட்டிருந்தா மன்னிச்சிருங்கக்கா" என்று நீ சொன்னாய். அன்று போனில் என்னிடம் சொன்னது இது: "மன்னிப்பு கேக்கறது ஈஸிதாண்ணா. செஞ்சதா ஒத்துக்கினாங்கன்னு இப்போ தெருவே பேசுது பாரு, அதான் பேஜாரு."

தோண்டிப் போட்ட தாள்களை நீயே பொறுக்கி, மண்ணைத் தட்டி, அதே துணியில் கட்டி லாஃப்டில் வைத்தாய். சிலது கிழிந்திருந்தன. சிலதை அவர்கள் சூடம் ஏற்றி எரித்திருந்தார்கள். மறுபடி புதைக்க ஒரு நாள் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த மழைக் காலத்தில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது உனக்குப் பேச்சு இருந்தது. திரும்பி வந்தபோது இல்லை.

உன்னை வாசலில் கிடத்தியிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரம்மாதான் வந்தவர்களுக்கெல்லாம் காபி ஊற்றினார். முறை தவறாதவர். ஊற்றிக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம், "செஞ்சது திரும்பிடுச்சு, பாவம்" என்றார். நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். என் கையில் அவர் ஊற்றிய காபி இருந்தது.

இந்த வருஷம் நிவேதாவுக்கு ஒரு இடம் வந்தது. பையன் வீட்டார் தெருவில் விசாரித்தார்கள். அப்புறம் போனை எடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் சேகர் என்னைக் கூப்பிட்டார். "அந்த மூட்ட ஊட்ல கீற வரைக்கும் எம் பொண்ணுக்கு நல்லது நடக்காது மச்சான். தெவசத்துக்குள்ள நீங்க எடுத்துக்கினு போயிடுங்க. ஆத்துல உடுங்க, எரிங்க, எனக்கு வேணாம்." எரித்துவிடுவதுதான் நல்லது என்று உன் மாமியாரும் பின்னாலிருந்து சொன்னார்.

எரிக்கலாமா என்று கேட்க ரிவ்காவுக்குப் போன் செய்தேன். நீ போன செய்தியை அப்போதே அனுப்பியிருந்தேன். அவர் பதிலுக்கு ஒரு வரியும் ஒரு இதயப் படமும் அனுப்பியிருந்தார். இப்போதுதான் முழுக்கதையும் சொன்னேன். "எதற்கு மஞ்சள்?" என்று கேட்டார். மரியாதைக்கு என்றேன். "எங்களுக்கு அது தேவையில்லை" என்று மெல்லச் சொன்னார். பிறகு அவராகவே சொன்னார்: "நாங்களே எடுத்து வந்திருக்க வேண்டும். பெட்டிகளின் எடை கூடிப்போயிருந்தது."

அவர் நேர்மையானவர், அதனால்தான் அதைச் சொன்னார். ஆனாலும் அவர்களுக்கு விமானத்தில் கனமாக இருந்ததை நீ தலையில் சுமந்திருக்கிறாய். எரிக்கக் கூடாது, புதைக்க வேண்டும் என்பது மட்டும் அவர் சொன்னதில் எனக்குப் பயன்பட்டது.

நம் நிலத்து வரப்போரம் புதைத்துவிடலாம் என்று நினைத்து, தெவசத்துக்கு முந்தின நாள் காலையில் போனேன். மூட்டையை இறக்கினேன். நிவேதா வாசலில் நின்றுகொண்டாள்.

"எங்க மாமா எடுத்துக்கினு போறீங்க?"

சொன்னேன்.

"எங்கம்மா பொதச்சது அங்க இல்ல."

"உனக்காகத்தாம்மா சொல்றேன்" என்றார் சேகர். "நாளைக்கு உன்னப் பொண்ணு பாக்க வர்றவன்..."

"வர்றவன் கேக்கட்டும்பா. இத்த மறைச்சு எடுத்துக்கினு போனா அம்மா மறைச்சு வெச்சாங்கன்னு ஆயிடும். அவங்க பட்டப்பகல்ல பொதச்சாங்க. நான் அதே எடத்துல பொதைக்கப் போறேன். கணக்குத் தாளுக்குப் பயந்து ஓடறவன் எனக்கு வேணாம்."

சேகர் என்னைப் பார்த்தார். நான் மூட்டையை அவளிடம் கொடுத்தேன்.

கடப்பாரையை அவளே எடுத்தாள். மண் இறுகிப் போயிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து நானும் தோண்டினேன். சேகர் குழிப் பக்கம் வரவில்லை. ஆனால் சந்தில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரை நாங்கள் போய்வர வசதியாக ஓரம் தள்ளி வைத்தார். அவரால் முடிந்தது அவ்வளவு. மூட்டையைப் பிரித்து வேறு புதுத் துணியில் கட்டினோம். மஞ்சள் வேண்டாமே, அவர்களுக்கே அது தேவையில்லையாம் என்றேன். "அவங்களுக்குத் தேவையில்ல மாமா. எங்கம்மாவுக்குத் தேவைப்பட்டுச்சே" என்றாள். மஞ்சள் தடவினாள். குங்குமம் வைத்தாள்.

பக்கத்து வீட்டுக்காரம்மா மாடியில் நின்றிருந்தார். நிவேதா அண்ணாந்து பார்த்து, "ஆன்ட்டி, கீழ வந்து பாருங்க. எல்லாத்தையும் பிரிச்சுக் காட்டறேன். எங்கம்மா போட வெச்ச கணக்கு" என்று கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே கூப்பிட்டாள். அவர் உலராத துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தெருவில் வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வாட்ஸப் குரூப்பில் புதுப் படம் வந்துவிட்டது என்று நிவேதா காட்டினாள். நாங்கள் மண் தள்ளுகிற படம்.

உன் பெயர் துடைக்கப்பட்டுவிட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். இந்தத் தெருவில் நீ இன்னமும் செய்வினைக்காரிதான். இப்போது உன் மகளும் நானும்கூட. அந்தப் பையன் வீட்டார் இனிமேலும் போனை எடுக்கப் போவதில்லை.

உனக்கு ஒரு வாக்கு மட்டும் தர முடியும். அந்த மண்ணை மறுபடி தோண்டலாம், தோண்டுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். தோண்டினால் நாங்கள் மறுபடி பகலில், குளித்துவிட்டு, மஞ்சள் வைத்துப் புதைப்போம். எனக்குப் பிறகு நிவேதா புதைப்பாள். அவளைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உன் அண்ணன்,
நிவேதாவின் தாய்மாமன்.